காட்சிமுனையும் நற்காட்சியும்

ஏற்காடு, கோடைக்கானல் போன்ற மலை ஊர்களுக்குச் சென்று வந்தவர்கள் ‘காட்சிமுனை’ என்று எழுதிய பலகைகளைப் பார்த்திருப்பார்கள். பள்ளத்தாக்கு நன்கு தெரியும் இடத்தில் கம்பித் தடுப்பு ஒன்றை நட்டு, இங்கே நின்று பாருங்கள் என்று நமக்குக் காட்டித் தரும் இடம் அது. கோடைக்கானலில் மலைச்சரிவின் விளிம்பை ஒட்டிய கோக்கர்ஸ் வாக் என்னும் நடைபாதை 1872இல் அமைக்கப்பட்டது. குடும்பத்தோடு நடந்துபோய் மலைக்காட்சி பார்க்கும் வழக்கம், அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகளிடமிருந்து நம்மவர் கற்றுக்கொண்டவற்றுள் ஒன்று என்றே நான் எண்ணுகிறேன். நம் முன்னோர் மலை ஏறியது பெரும்பாலும் வணங்குவதற்காக.

ஆனால் ‘காட்சி’ என்னும் சொல் நமக்கு வேறொன்றையும் நினைவூட்டும். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளுள் முதல் மணி அது. பலகையில் எழுதிய காட்சிக்கும் இந்தக் காட்சிக்கும் பெயரளவு உறவுதான் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். சென்ற புரட்டாசியில், காலாண்டு விடுமுறையின்போது, திருமலையில் என் அண்ணா கேட்ட ஒரு கேள்வி அந்த நினைப்பைக் கலைத்துவிட்டது. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

போளூர் வட்டத்திலுள்ள வைகாவூர்த் திருமலையை இம்மலரின் வாசகர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயர் தாங்கிய ஜினாலயம். அதற்கு மேல் ஓவியக் குகை. இன்னும் மேலே 16 அடி உயரத்தில் சிகாமணிநாதராக நிற்கும் நேமிநாதர். உச்சியில் பார்சுவநாதர் ஆலயமும் ஆசாரியர்களின் பாதங்களும். மயிலாப்பூர்க்காரர்களாகிய எங்களுக்கு அங்கே ஒரு தனி உரிமை உண்டு என்று என் கணவர் வேடிக்கையாகச் சொல்வார். மயிலைக் கடற்கரையில் ஒரு காலத்தில் நேமிநாதர் ஆலயம் இருந்ததென்றும், கடல் நெருங்கி வந்தபோது திருவுருவம் மேல்சித்தாமூருக்குக் கொண்டு செல்லப்பட்டதென்றும் நம் மரபு கூறுகிறது. குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் என்று பெயரிட்டதும் அந்த இறைவனை எண்ணித்தான். எங்கள் தெருவிலிருந்து போய்விட்ட சுவாமியை இங்கே வந்து பார்க்கிறோம் என்பார் அவர்.

அன்று நாங்கள் எட்டுப் பேர். என் மகன், மருமகள், பேரன், பேத்தி, அடையாற்றில் வசிக்கும் என் நாத்தனார் மகள், அவளுடைய இரண்டு பிள்ளைகள், நான். 150 கிலோமீட்டருக்குக் குறையாத பயணம் என்பதால் விடியுமுன் கிளம்பினோம். ஆரணிக்கு அருகிலுள்ள எங்கள் பிறந்த ஊரிலிருந்து அண்ணா பேருந்தில் வந்து சேர்ந்தார். எண்பதைக் கடந்தவர், நாள் தவறாமல் சாமாயிகத்தில் அமர்பவர். முழங்கால் இடம் கொடாததால் அடிவாரத்து ஆலயத்திலேயே தங்கிவிட்டார்.

நாங்கள் மேலே சென்று வழிபாட்டை முடித்தோம். உடனே இறங்கியிருக்கலாம். ஆனால் பாறைகளின் விளிம்பை ஒட்டி நடந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் புதிய காட்சி கிடைக்கிறது என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு பக்கம் நெல்வயல்கள், ஏரிகள், பனைமர வரிசைகள். இன்னொரு பக்கம் தொலைவில் நீலமாக ஜவ்வாது மலைத்தொடர். சென்னையில் எதிர்வீட்டுச் சுவரோடு நின்றுவிடும் கண்ணுக்கு அது பெரிய விருந்து. எனக்கும் ஆசை இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். ‘வாருங்கள், அந்தப் பக்கமும் போய்ப் பார்ப்போம்’ என்று முதலில் சொன்னவள் நான்தான்.

மழைக்கு முந்திய பொழுது. பாறை இடுக்கு ஒன்றிலிருந்து எறும்புகள் வெள்ளை முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டை நோக்கிச் சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. ஏழு வயதுப் பேரன் எனக்கு முன்னால் நடந்தான். அந்த நேரம் பார்த்து ஜவ்வாது மலைமீது மேகத்தின் நிழல் ஒன்று மெல்ல நகர்ந்தது. “அதோ பார், அதோ பார்!” என்று கூவினேன். அவன் தலையை உயர்த்திப் பார்த்தபடியே அடியெடுத்து வைத்தான். புனித மலையாகையால் எவரும் செருப்பு அணிந்திருக்கவில்லை. குழந்தை அலறினான். நாத்தனார் மகள் ஓடிவந்து, முந்தானை நுனியால் அவன் காலில் ஏறிய எறும்புகளை நசுங்காமல் மெதுவாகத் தட்டிவிட்டாள். பாதத்தின் கீழே நசுங்கியவை எத்தனை என்று நான் எண்ணவில்லை. முட்டைகள் ஈரமாகப் பாறையில் ஒட்டியிருந்தன.

எறும்பு மூவறிவுயிர் என்று நம் ஆகமமும் சொல்கிறது, தொல்காப்பியமும் சொல்கிறது. உடல், நா, மூக்கு ஆகிய மூன்று புலன்களே அதற்கு உண்டு. கண் என்னும் புலன் நான்காம் படியில்தான் வருகிறது. கண் இல்லாத உயிரைக் கண் உள்ள நாங்கள் மிதித்தோம். அதுவும் காட்சி பார்க்கப் போன இடத்தில்.

இதில் எனக்கு இரட்டைக் குற்றம். நான் ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் ‘இயற்கை பயிலுதல்’ என்று ஒரு பகுதி இருந்தது. பிள்ளைகளை வரிசையாக அழைத்துச் சென்று, மரம், பறவை, பூச்சி முதலியவற்றை நேரில் காட்ட வேண்டும். எங்களுக்கு அதைக் கற்பித்த அம்மையார் ஒரு விதியைப் பிடிவாதமாக வைத்திருந்தார். நடக்கும்போது காட்டாதே, நிற்க வைத்துக் காட்டு. நடக்கிற பிள்ளைக்கு வழியில் கண் வேண்டும். நிற்கிற பிள்ளையின் கண்தான் உன்னுடையது என்பது அவர் கொடுத்த விளக்கம். முப்பத்தைந்து ஆண்டுகள் அவ்விதியின்படியே நடந்தேன். அடையாற்றுப் பேராலமரத்தின் அடிமரம் 1989இல் சாயும் முன்பு, நாற்பது பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று, ஒரு விழுதைக்கூட மிதிக்காமல் திரும்பி வந்திருக்கிறேன். வேலையை விட்டு ஓய்ந்ததும் விதியும் ஓய்ந்துவிட்டது போலும்.

அடிவாரத்துக்கு வந்ததும் பேரனின் வீங்கிய பாதத்தைப் பார்த்து அண்ணா காரணம் கேட்டார். சொன்னேன். கடிந்துகொள்ளவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “வழிபாடு முடிந்த பிறகு அந்த நடை எதற்கு, அம்மா?” என்று மட்டும் கேட்டார்.

இவ்வளவு எளிய கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அவர் எதை நினைத்துக் கேட்டார் என்பதும் எனக்குத் தெரியும். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்கு உரிய குணவிரதங்களுள் அநர்த்த தண்ட விரதத்தைக் கூறுகின்றன. பயன் ஏதுமின்றிப் பிற உயிர்க்குத் துன்பம் தரும் செயல்களை விலக்குவது அது. அச்செயல்களை ஐந்தாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றாகப் பிரமாத சரியையைச் சொல்வார்கள். வீணே நிலத்தைத் தோண்டுதல், நீரைச் சிந்துதல், தீயை மூட்டுதல், செடிகொடிகளை அறுத்தல் ஆகியவற்றோடு, காரணமின்றித் திரிதலும் பிறரைத் திரியச் செய்தலும் அதில் அடங்கும். திரிதல் பிள்ளைகளுடையது என்றால் திரியச் செய்தல் என்னுடையது. அன்றியும் அது சாதுர்மாஸ்ய காலம். மழைக்காலத்தில் நிலமெங்கும் உயிர்கள் பெருகுவதால் முனிவர்களே பயணத்தை நிறுத்தி ஓரிடத்தில் தங்கும் நான்கு மாதங்கள். விடுமுறை அப்போதுதான் வருகிறது என்பது பள்ளிக்கூடத்தின் நியாயமே தவிர எறும்பின் நியாயம் ஆகாது.

அண்ணா பக்கத்து நியாயம் இவ்வளவு வலியது என்பதை ஒப்புக்கொண்டேதான் மேலே எழுதுகிறேன்.

அன்று ஆலய நிழலில் அமர்ந்திருந்தபோது அவர் இன்னொன்றையும் நினைவூட்டினார். இம்மலையின் அடிவாரப் பாறையில்தான் முதலாம் இராசேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. ஏறத்தாழ 1025ஆம் ஆண்டு. வரலாற்றுப் புத்தகங்களில் ‘திருமலைக் கல்வெட்டு’ என்று பிள்ளைகளுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன். வனவாசி, ஈழம், சக்கரக்கோட்டம், கோசலம், வங்காளம், கங்கை என்று அரசன் வென்ற திசைகள் எல்லாம் அதில் வரிசையாக வருகின்றன. வகுப்பில் அந்தப் பட்டியலோடு பாடம் முடிந்துவிடும். உண்மையில் கல்வெட்டு பொறிக்கப்பட்டது அதற்காக அன்று. பெரும்பாணப்பாடியில் மல்லியூரில் வாழ்ந்த நன்னப்பயன் என்னும் வணிகரின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்து இறைவனுக்கு அணையா விளக்கிற்கு 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் கொடுத்தாள். அச்செய்தி கடைசியில் வருகிறது. “திசையெல்லாம் போனவன் பேச்சு இவ்வளவு நீளம், ஓரிடத்தில் விளக்கு வைத்தவள் பேச்சு இரண்டு வரி” என்று அண்ணா சிரித்தார்.

அரசர்க்குத் திக்விஜயம், சிராவகர்க்குத் திக்விரதம். இன்ன திசையில் இன்ன எல்லைக்கு அப்பால் வாழ்நாள் முழுவதும் செல்லேன் என்று வரையறுத்துக்கொள்வது திக்விரதம். அவ்வெல்லைக்குள்ளும் சில காலத்துக்கு இன்னும் சுருக்கிக்கொள்வது தேசாவகாசிகம். கடல், ஆறு, காடு, மலை முதலிய எல்லோர்க்கும் தெரிந்தவற்றையே எல்லையாகக் கொள்ள வேண்டும் என்கிறது நூல். இங்கேதான் என் மனம் நின்றது. மலையே எல்லையானால், அதன் உச்சியில் நிற்பவனின் கண் எல்லையைத் தாண்டிவிடுகிறதே. அது விரதபங்கம் ஆகுமா?

தேசாவகாசிகத்துக்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன. எல்லைக்கு அப்பால் ஆளை அனுப்புதல். அப்பாலிருந்து பொருளை வருவித்தல். குரல் கொடுத்து அங்குள்ளவர்க்கு அறிவித்தல். தன் உருவத்தைக் காட்டிக் குறிப்பு உணர்த்துதல். கல் முதலியவற்றை எறிந்து கவனத்தை ஈர்த்தல். கால் போகாவிட்டாலும் வேறு வழியாகக் காரியத்தை நடத்திக்கொள்ளும் மனிதத் தந்திரங்களை அந்த ஆசாரியர்கள் எவ்வளவு நன்றாக அறிந்திருந்தார்கள்! (உச்சிப் பாறையில் நின்று கைப்பேசியில் தன் உருவத்தைப் படம் பிடித்து அமெரிக்காவிலுள்ள சிற்றப்பாவுக்கு அனுப்பிய என் பேத்திக்கு நான்காவதைச் சொன்னபோது அவள் வெகுநேரம் சிரித்தாள். விரதம் ஏற்காதவளுக்கு அது குற்றம் ஆகாது என்பதையும் சொல்லி வைத்தேன்.)

இந்த ஐந்தில் ‘பார்த்தல்’ இல்லை. தன்னைக் காட்டுவது குற்றம். தான் காண்பது குற்றமாகச் சொல்லப்படவில்லை. இது வெறும் எழுத்தளவிலான வாதம் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றாமைக்குக் காரணம் உண்டு. அதற்கு 1979ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஆடியில் என் மாமியார் தேசாவகாசிக விரதம் ஏற்றார். வடக்கே கூவம், தெற்கே அடையாறு, கிழக்கே கடல், மேற்கே மாம்பலத்து இரயில்பாதை. தீபாவளி வரை இந்த எல்லைக்கு வெளியே போவதில்லை. மயிலாப்பூர் வீடும் தியாகராயநகர்க் கடைவீதியும் உள்ளே, அடையாறு வெளியே. ஆவணியில் என் நாத்தனாருக்கு, குறித்த நாளுக்கு முன்பே, அடையாற்றில் ஒரு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டாவது பிரசவமாகையால் தாய்வீட்டுக்கு வராமல் தன் வீட்டிலேயே இருந்தவள் அவள். பிரசவத்துக்குப் பின் காய்ச்சல் கண்டு ஒன்பது நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். குழந்தையும் நலிவாக இருந்தது. மாமியார் போகவில்லை.

பள்ளிக்குச் செல்லுமுன் நான்தான் கஞ்சி காய்ச்சித் தூக்கில் எடுத்துக்கொண்டு போவேன். முதல் நாள் காலை நான் கிளம்பியதும் மாமியாரும் உடன் கிளம்பினார். மந்தைவெளி வழியாக இருவரும் நடந்தோம். ஒரு வார்த்தை பேசவில்லை. அடையாற்றுப் பாலத்தின் வடகோடி வந்ததும் நின்றுவிட்டார். நான் மட்டும் பாலத்தைக் கடந்தேன். நடுவில் திரும்பிப் பார்த்தேன். ஆற்றுமுகம், மணல்திட்டு, தென்கரையில் பிரம்மஞான சபையின் அடர்ந்த மரங்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மருத்துவமனை அங்கிருந்து தெரியாது. நான் திரும்பி வரும்வரை நின்றார். இப்படியே ஒன்பது நாளும்.

எனக்கு ஆத்திரம். மகளுக்கு ஒரு செய்தி சொல்லி அனுப்பக் கூடாதா? ‘தைரியமாக இரு என்று சொல்’ என்னும் நான்கு சொற்களுக்குக் கூடவா பஞ்சம்? குழந்தையைப் பாலம்வரை எடுத்து வரச் சொல்லியிருக்கலாமே? மாப்பிள்ளை பாலத்தின் மறுகோடியில் ஒருநாள் நின்றபோது கையையாவது அசைத்திருக்கலாமே? கஞ்சியைக்கூட, ‘எடுத்துப் போ’ என்று அவர் என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. கல்நெஞ்சம் என்று முடிவு கட்டினேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது.

ஐந்து அதிசாரங்களையும் வரிசையாக நான் படித்தது அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின். ஆளை அனுப்பவில்லை, பொருளை வருவிக்கவில்லை, குரல் கொடுக்கவில்லை, உருவம் காட்டவில்லை, எதையும் எறியவில்லை. நூல் அடைத்த ஐந்து வாயில்களையும் அவர் அடைத்துவிட்டு, அது அடைக்காமல் விட்ட ஒன்றே ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவர் செய்தது சரியா? இன்றும் முழுவதும் சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விரதம் ஏற்கும்போதே நோய், மகப்பேறு போன்றவற்றுக்கு விலக்கு வைத்துக்கொண்டிருக்கலாம். மகள் கருவுற்றிருப்பது தெரிந்தும் தென்எல்லையை அடையாற்றில் வைத்தது முன்யோசனையின்மை என்பேன். துன்புறுத்தாமைக்காக ஏற்ற விரதம் பெற்ற மகளைத் துன்புறுத்தியது. ஆனால் ஏற்றுக்கொண்ட பின் காத்த விதத்தில் குறை காண என்னால் இயலாது. வசதிப்பட்டபோது தளர்த்திக்கொள்ளும் எல்லை எல்லையே அன்று. அதைப் பிள்ளைகளிடம் விளையாட்டு மைதானத்திலேயே கற்றிருக்கிறேன்.

பார்த்தல் குற்றமில்லை என்றால் அதனால் பயன் உண்டா என்பது அடுத்த கேள்வி. பயன் இல்லாவிட்டால் அண்ணா சொல்வதே சரி. அந்தப் பாலத்தடியில் என் மாமியார் பார்த்ததில் கைக்குக் கிடைத்த பயன் ஏதுமில்லை. ஆயினும் அது வீண் என்று எவர் சொல்வார்? முனிவர்களுக்கு ஈர்யா சமிதி விதிக்கப்பட்டிருக்கிறது. நான்கு முழ தூரம் நிலத்தைப் பார்த்தே நடக்க வேண்டும், பராக்குப் பார்க்கலாகாது. இல்லறத்தார்க்கு அது கட்டாயமில்லை எனினும் அதன் காரணம் நமக்கும் பொருந்தும். நடக்கும் காலுக்குக் கண் கடன்பட்டிருக்கிறது. கால் நின்றுவிட்டால் அந்தக் கடன் தீர்ந்துவிடுகிறது. பிறகு கண் எவ்வளவு தூரம் போனாலும் எந்த உயிரும் நசுங்குவதில்லை.

திருமலையில் நிற்கும் நேமிநாதரின் வரலாறே இதுதானே. மண ஊர்வலத்தில் தேர் ஓடிக்கொண்டிருக்கிறது. வழியோரம் விருந்துக்காக அடைத்துவைத்த விலங்குகளின் ஓலம். ஊர்வலத்தில் எத்தனையோ பேர் அதைக் கேட்டிருப்பார்கள், பார்த்திருப்பார்கள். தேரை நிறுத்தியவர் அவர் ஒருவர். நிறுத்தியதால் கண்டார், கண்டதால் திரும்பினார். ஊர்ஜயந்த கிரிக்குப் போகும் வழி அங்கே தொடங்கிற்று.

ஆகவே அண்ணாவுக்கு நான் பின்னர் எழுதிய கடிதத்தில் பாதித் தோல்வியை ஒப்புக்கொண்டேன். நடந்துகொண்டே காட்டியது குற்றம். மழைமாதத்தில் புல்லும் பூச்சியும் நிறைந்த இடத்தில் பிள்ளைகளைத் திருப்பம் திருப்பமாக இழுத்துச் சென்றதும் குற்றம். ஓரிடத்தில் நின்று பார்த்திருந்தால் போதும். ஆறு இடத்தில் பார்க்க வேண்டும் என்ற ஆசை போக உபபோகத்தைச் சேர்ந்ததே. நின்று பார்த்ததை மட்டும் குற்றம் என்று ஒப்ப மாட்டேன். திரும்பி வரும்போது இருட்டில் வண்டியின் கண்ணாடியில் மோதிச் செத்த விட்டில்களைப் பற்றி அவர் கேட்டிருந்தால் என்னிடம் விடை இல்லை. நல்லவேளையாக அவர் அதைக் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

அன்று மலைமேல் நடந்த இன்னொன்றையும் அக்கடிதத்தில் எழுதவில்லை.

எறும்புக் கடிக்குப் பிறகு பிள்ளைகளை ஒரு பாறையில் உட்கார வைத்துவிட்டு, நானும் நாத்தனார் மகளும் சற்றுத் தள்ளி நின்றோம். 1979 ஆவணியில் பிறந்த அந்தக் குழந்தை அவள்தான். அவளுடைய அம்மா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பேச்சுவாக்கில், “பாட்டி கடைசிவரை என்னைப் பார்க்க வரவில்லையாமே, அத்தை. தீபாவளி முடிந்துதான் வந்தார்களாம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லி அழுவார்கள்” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, ஊர்ச்செய்தி போலச் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாலத்தில் நின்றதை நான் என் நாத்தனாரிடம் சொன்னதே இல்லை. முதலில் கோபத்தால் சொல்லவில்லை. ‘உன் அம்மா பாலத்தோடு திரும்பிவிட்டார்’ என்று சொன்னால் அவள் மனம் இன்னும் புண்படும் என்றும் நினைத்தேன். பொருள் புரிந்த பிறகு, இத்தனை காலம் கழித்து எதற்கு என்று விட்டுவிட்டேன். செய்தி அனுப்பக் கூடாதென்ற விரதம் மாமியாருடையது. எனக்கு எந்த விரதமும் இல்லை. ஒன்பது நாளும் நான் அந்தக் கட்டிலருகே போய் வந்தேன், கண்டதைச் சொல்லியிருக்கலாம். தாயின் மனத்தாங்கல் மகளோடு சிதைக்குப் போயிற்று. எறும்பையாவது நான் அறியாமல் மிதிக்கச் செய்தேன்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் ஒன்றும் கேட்கவில்லை. ஏரியின்மேல் இறங்கிக்கொண்டிருந்த கொக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முடிவில், “பாலத்தின் எந்தப் பக்கம்? கடல் பக்கமா, மேற்குப் பக்கமா?” என்று மட்டும் கேட்டாள். கடல் பக்கம் என்றேன்.

பொழுது சாயுமுன் அடிவாரத்தில் கட்டுச்சோற்றை உண்டு, அண்ணாவை வணங்கிக் கிளம்பினோம். மகன் குடும்பம் ஒரு வண்டியில் வர, நான் அவளுடைய வண்டியில் ஏறிக்கொண்டேன். சென்னை வந்தபோது மணி ஒன்பதுக்கு மேல். அவள் வீடு அடையாற்றில் முதலிலேயே வந்துவிடும். என்னை ஆட்டோவில் ஏற்றிவிடச் சொன்னேன், கேட்கவில்லை. உறங்கிய பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு என்னை மயிலாப்பூருக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினாள். பாலத்தைக் கடந்து வடகோடியில் இடப்புறமாக ஒதுங்கி வண்டியை நிறுத்தினாள். சாலையைத் தாண்டிக் கடல் பக்கத்துக் கைப்பிடிச் சுவரருகே போய், தென்கரையை நோக்கி நின்றாள். இருட்டில் மரங்கள்கூடத் தெரியவில்லை. நான் வண்டிக்குள்ளேயே இருந்தேன்.